கூட்டிப் பெருக்கிய ரோடு

ஜீப் ஓரிடத்திலும் நிற்காமல் மேலே வந்து சேர்ந்தது. எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை.

காலையில் பேர் போட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தை அன்று பெண்கள் தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தார்கள். ஆண்கள் சலவைச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். ரோட்டின் இரு ஓரமும் வெள்ளையடித்த கற்கள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பனியோடு கலந்து அந்த ஈர வாசனை மூக்கில் ஏறியது.

ஜீப்பிலிருந்து இறங்கியவர் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர். எங்கள் வாயில் டீ.ஓ. சேர். இளவயதுச் சிங்களவர். கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். அவருடைய சப்பாத்தில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை.

தலைவர் செல்லமுத்து மாலை போட்டார். தலைவர் என்றால் தோட்டத்தை நிர்வகிக்கிற துரை அல்ல. தொழிலாளர் தங்களுக்குள் தேர்ந்துகொண்ட சங்கத்துத் தலைவர். பிறகு எல்லோருமாக அவரைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்து வந்தார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. அதன் பொறுப்பு என்னுடையது. தேநீரும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. சிங்களம் ஓரளவு திருத்தமாகப் பேசுவேன் என்பதால் மொழிபெயர்க்கிற வேலையும் எனக்கே வந்தது.

"உடைந்த இடம் எங்கே?" என்று டீ.ஓ. கேட்டார்.

"வர்ற வழியிலதான் சேர். சவுக்கு முடக்குல," என்றார் தலைவர்.

"அதைத் தாண்டித்தானே வந்தேன்?"

"ஆமா சேர். நீங்க வர்றீங்கன்னு நல்லா செஞ்சி வச்சிருக்கோம்."

அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். டீ.ஓ. தலையாட்டிவிட்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். திரும்பிப் போகும்போது சவுக்கு மரம் நிற்கிற அந்த வளைவில் ஜீப்பை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, தலையை நீட்டினார். "ஹரி, ஹரி. லஸ்ஸனய்," என்றார். சரி, சரி, அழகாக இருக்கிறதாம். கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

அவர் வந்தது எதற்கென்று இன்னும் நான் சொல்லவில்லை. மழையில் எங்கள் ரோடு எவ்வளவு உடைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து, அதைத் திருத்தப் பணம் ஒதுக்கலாமா வேண்டாமா என்று எழுதிக்கொண்டு போவதற்காக.

மலை இறங்கிய இரவுக்குப் பிறகு

அந்த மழையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மற்ற இடங்களில் உயிர் போன கதைகளைக் கேட்ட பிறகு, எங்கள் ரோட்டைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. எங்கள் மேல் டிவிசனில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாக்கிலிருந்து கல்லைக் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். விடிந்து போய்ப் பார்த்தால் சவுக்கு முடக்கில் பாதி ரோடு இல்லை. கீழே தேயிலைக்குள் போய்ப் படுத்திருந்தது. மீதிப் பாதியில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்கலாம். சில்லு வைத்த வண்டி எதுவும் வர முடியாது.

அது யாருடைய ரோடு என்று கேட்டால், தோட்டத்து ஆபீஸில் "சபைக்குக் கொடுத்துவிட்டோமே" என்பார்கள். சபையில் "தோட்டம் இன்னும் கொடுக்கவில்லையே" என்பார்கள். நல்ல காலத்தில் இரண்டு பேருக்கும் சொந்தமான ரோடு, உடைந்தால் அநாதை. இந்த முறை சபை பார்ப்பதாக ஒப்புக்கொண்டதே பெரிய காரியம். எனக்கு அதிலேயே ஒரு சந்தேகம் இருந்தது. கேட்காமல் கிடைப்பதை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பிள்ளைக்காம்பராவுக்கு வரும் பால்மாவைக்கூட ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன். தோட்டத்தில் எனக்கு அதனால் நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. "டீச்சர் நம்ப மாட்டாங்க" என்ற பெயர் மட்டும் உண்டு.

ரோடு உடைந்தது எல்லோருக்கும் கஷ்டம். என் அண்ணனுக்கு அது கஷ்டத்தோடு நிற்கவில்லை.

அண்ணன் அந்தோனிக்கு சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் நுவரெலியா ஆஸ்பத்திரியில் மெஷின் பக்கத்தில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு முட்டும். அதற்கடுத்ததைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

அதற்கு முன் ஓட்டோ வீட்டு வாசலுக்கே வரும். ரோடு போன பிறகு, பிளாஸ்டிக் கதிரையின் இரு பக்கமும் மரம் கட்டி, நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு முடக்குக்குக் கீழே ஓட்டோ நிற்கிற இடம் வரைக்கும் இறங்கினார்கள். களிமண் சறுக்கும். ஒருநாள் முன்னால் பிடித்த குமாரின் கால் வழுக்கி, கதிரை தேயிலைப் பக்கம் சாய்ந்தது. எல்லோரும் கத்தினார்கள். அண்ணன் மட்டும் கம்பளிக்குள்ளிருந்து, "டேய், ஆஸ்பத்திரிக்குத்தானே கூட்டிட்டுப் போறீங்க? கல்லறைக்குப் போற ரோடு அந்தப் பக்கம்," என்றார்.

அதற்குப் பிறகுதான், டீ.ஓ. வருகிறார் என்ற செய்தி வந்தது. செய்தி வந்ததும் முடக்கை மூடுகிற வேலை தொடங்கியது. ஆண்கள் மரத்துண்டு அடுக்கி, அதன்மேல் கல் அடுக்கி, கல்லின்மேல் செம்மண் போட்டு மிதித்தார்கள். பெண்கள் கூட்டினார்கள். கொழுந்து லொறி ஏற முடியாது, ஆனால் ஜீப்பும் ஓட்டோவும் மெதுவாகப் போகலாம். அடுத்த பெருமழை வரைக்கும் தாங்கும். பார்வைக்கு மட்டும் குறை ஒன்றும் இல்லை.

தலைவரின் மச்சான்

முடிவு சில வாரங்களில் வந்தது. எங்கள் ரோடு போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் இருப்பதாக டீ.ஓ. எழுதியிருந்தார். பணம் இல்லை. கீழ் டிவிசனில் கடையடி ரோட்டுக்குப் பணம் உண்டு.

கடையடி ரோட்டில் இருப்பது ஒரே ஒரு கடை. அது தலைவர் செல்லமுத்துவின் மச்சானுடையது.

இதைக் கேட்ட மாத்திரத்தில் என் மனம் ஒரு கணக்குப் போட்டுவிட்டது. மேலே ரோட்டை மூடவைத்தால், கீழே பணம் போகும். மூடும்போது முன்னால் நின்று கல் எடுத்துக் கொடுத்தவர் யார்? தலைவர். மாலை வாங்கி வந்தவர் யார்? தலைவர். "நல்லா செஞ்சி வச்சிருக்கோம்" என்று வாயைத் திறந்து சொன்னவர்?

மறுநாள் பெரட்டு முடிந்து ஆட்கள் கலையும்போது அவரைப் பிடித்தேன்.

"தலைவரே, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க டீச்சர்."

"முடக்கை மூடச் சொன்னது யாரு?"

"எல்லாரும் சேந்துதான் மூடினோம்."

"எல்லாரும் சேந்து செய்ற வேலைக்கும் மொதல்ல ஒருத்தர் வாய் தொறந்திருப்பாங்கல்ல?"

அவர் தலையைச் சொறிந்தார். "அத விடுங்க டீச்சர்."

விடுங்க என்றால் என் சந்தேகம் இரண்டு மடங்காகும். "கீழ ஒங்க மச்சான் கடைக்குப் போற ரோட்டுக்குக் காசு வருது. மேல எங்களுக்கு வரல. நான் என்ன நெனைக்கிறது?"

அவர் முகம் கறுத்தது. "முருகன் சத்தியமா எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். மூடச் சொன்னது யாருன்னு ஒங்க வீட்லயே கேளுங்க. ஒங்க அண்ணன்கிட்ட கேளுங்க."

எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற எனக்கு, சொந்த வீட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். அதுக்கென்ன இப்போ?"

"ஏண்ணே?"

"வீட்டுக்கு ஒருத்தர் வர்றாருன்னா நீ கூட்டாமயா வைப்ப?"

"அவரு ஒடஞ்சதப் பாக்கத்தானே வந்தாரு!"

"வரட்டுமே. அதுக்காக ஒரு பெரிய மனுசன் சேத்துல எறங்கி நடக்கணுமா? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாரு? நானும் குமாரக் கூப்புட்டு, ஒரு ஓரத்துலயாவது கல்லப் போடுங்கடான்னுதான் சொன்னேன். பயலுக முழுசா மூடிட்டானுங்க."

சொல்லும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது. அண்ணன் உடம்பு நன்றாக இருந்த காலமெல்லாம் துரை பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். விருந்தாளி வருவதற்கு முன் புல்லை வெட்டி, பாதையோரக் கல்லுக்கு வெள்ளையடித்தே காலம் போயிற்று.

வாளியை ஒளித்த கதை

அண்ணனை மட்டும் சொல்லிப் பயனில்லை. இது எங்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர் யாராவது தோட்டத்தைப் பார்க்க வருவார். அது தெரிந்ததும் கழிவுநீர் ஓடுகிற கான்களைச் சுத்தம் செய்வார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து முன்பக்கத்துக்கு மட்டும் வெள்ளையடிப்பார்கள். பின்பக்கம் அப்படியே இருக்கும். எங்கள் தலைக்கு எண்ணெய், நெற்றிக்குப் பவுடர்.

எங்கள் காம்பராவின் கூரை கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகும். அதற்கு ஒரு தகர வாளி நிரந்தரமாக அங்கே இருக்கும். ஒருமுறை வந்த பெரியவர் நல்ல மனிதர் போலிருக்கிறது. ஒவ்வொரு காம்பராவாகக் குனிந்து, கூரை எப்படி என்று கேட்டுக்கொண்டு வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் ஓடி வந்தது. அம்மா என்ன செய்தார் தெரியுமா? வாளியைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஈரத் தரையைத் தன் பழைய சேலையால் துடைத்தார். பெரியவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "கூரை நல்லாருக்கா?" என்று, கூட வந்த தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கு தமிழில் கேட்டார்.

"நல்லாருக்குங்க தொரை," என்றார் அம்மா.

அவர் போனதும் வாளி மறுபடியும் வெளியே வந்தது. அன்று மாலை மழை. டொக், டொக் என்று விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அம்மா, "பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு," என்றார். பக்கத்துக் காம்பராவின் கிழட்டுக் குடிகாரர் ஒருவர் மட்டும் தன் ஒழுக்கைக் காட்டியிருந்தார், மறைக்க அவருக்குத் தெம்பில்லாததால். அவருக்குப் புதுத் தகரம் வந்தது. அவர் சாகும்வரை லயத்தில் எல்லோரும் அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள். துரைக்கு என்ன கொடுத்தானோ என்று.

ஒரே பஸ்ஸில் இரண்டு பேர்

அண்ணன் மூடச் சொன்னார் என்பதால் தலைவர்மேல் இருந்த சந்தேகம் தீர்ந்துவிடவில்லை. மூடியது வேறு, கடையடிக்குப் பணம் போனது வேறு. ஆனால் சபைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்றால் சிங்களத்துக்கு நான் வேண்டும், தோட்டத்தின் சார்பில் பேச அவர் வேண்டும். இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். டிக்கெட்டை அவர் எடுத்தார். என் பங்கை அவர் கையில் வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

"இதுக்கும் சந்தேகமா டீச்சர்?" என்றார்.

"கணக்கு சரியா இருந்தா சந்தேகமே வராது தலைவரே."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். மழை கிழித்த மலைகள் சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தன.

சபையில் ஒரு தமிழ்க் கிளார்க் எங்கள் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டார். "மறுபடி வந்து பாக்கச் சொல்லி எழுதிக் குடுங்க. சேர் வருவாரு. ஆனா அவரு கண்ணுல படுறதத்தான் எழுதுவாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மழை விட்டுட்டுப் போன மாதிரி இருந்தா உண்டு. நீங்க செஞ்சி வச்ச மாதிரி இருந்தா இல்ல." அதைச் சொல்லிவிட்டு, சொல்லாதவர்போலச் சுவர்க் கலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது தலைவர்தான் முதலில் பேசினார். "அப்ப தோண்டத்தான் வேணும்."

"தோண்டினா அண்ணன் எப்புடிப் போவாரு?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்."

உண்மையாகவே யோசிக்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

அலவாங்கு எடுக்க ஆளில்லை

எழுதிக் கொடுத்தோம். டீ.ஓ. வருகிற நாள் தெரிந்ததும் பெரட்டுக்களத்தில் கூடிப் பேசினோம். எல்லோருக்கும் விஷயம் விளங்கியது. ஆனால் கல்லைப் பெயர்க்கிற அலவாங்கை எடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

"அண்ணன் போற ரோட்டுல நான் அலவாங்கு போட மாட்டேன்," என்றான் குமார்.

"அப்ப அடுத்த மழைக்கு அதுவா போகும். இப்ப கொழுந்து லொறி மட்டுந்தான் இல்ல, அதுக்குப் பெறகு ஓட்டோவும் இல்ல," என்றார் தலைவர்.

"அப்ப பாத்துக்குவோம்."

இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது அண்ணனே கம்பளியோடு வந்துவிட்டார். கொழுந்து நிறுக்கிற மேடையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, "தோண்டுங்கடா," என்றார்.

"மறுபடியும் கதிரையா அண்ணே?"

"ஏன், தூக்க முடியாதா? முடியாதவன் கையத் தூக்கு. நான் எளச்சுத்தான் போயிருக்கேன், எட கூடல."

யாரும் கையைத் தூக்கவில்லை. மாலை வேலை முடிந்து தோண்டினார்கள். போட்ட வேகத்தில் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு கல்லும் பிடிவாதம் பிடித்தது. எடுத்த கற்களை ஓரத்தில் வைத்தார்கள். நான் பிள்ளைக்காம்பரா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டினார். எதற்காக இவ்வளவு வேகம் என்று நினைத்தேன்.

சேர் தொட்டுப் பார்த்தது

இந்த முறை ஜீப் முடக்குக்குக் கீழேயே நின்றது.

டீ.ஓ. இறங்கி நடந்து வந்தார். சப்பாத்து தோண்டிப் போட்ட செம்மண்ணில் புதைந்தது. எங்களுக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஒரு பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அய்யோ பாவம்," என்றாள். மாலையும் இல்லை, தேநீரும் இல்லை. சும்மா நின்றோம். ஆயுளில் முதல் தடவையாக ஒரு வெளியாளுக்கு எங்கள் குப்பையைத் திறந்து காட்டினோம்.

அவர் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பல நாட்களாக மழை இல்லை.

"இது எப்போது உடைந்தது?"

"மழைக்குத்தான் சேர்," என்றார் தலைவர். நான் அதைச் சொன்னபடி சொன்னேன்.

டீ.ஓ. கையை நீட்டி ரோட்டின் ஓரத்தைக் காட்டினார். தோண்டி எடுத்த கற்கள் அங்கே இருந்தன. பெரியது கீழே, சிறியது மேலே, நூல் பிடித்ததுபோல அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தோண்டச் சொன்னாலும் அடுக்காமல் வைக்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

"மழை கல்லை அடுக்கி வைத்துவிட்டா போகும்?" என்று கேட்டார்.

இதை நான் தமிழில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தலைவருக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். அவர் முகம் விழுந்துவிட்டது. "டீச்சர், ஏதாச்சும் சொல்லுங்க," என்றார் மெல்ல.

நடந்ததைச் சொன்னேன். மழை உடைத்தது, நீங்கள் வருகிறீர்கள் என்று நாங்கள் மூடினோம், மூடியதால் பணம் இல்லை என்றீர்கள், அதனால் நேற்று நாங்களே தோண்டினோம். "டீச்சர், வேணாம், வேணாம்," என்று தலைவர் பக்கத்தில் முனகிக்கொண்டே இருந்தார்.

டீ.ஓ. என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். பால்மாப் பையைத் தூக்கும்போது நான் பார்க்கிற பார்வை அது.

"அன்றைக்கு ஒன்றைக் காட்டினீர்கள். இன்றைக்கு வேறொன்றைக் காட்டுகிறீர்கள். எதை நான் எழுதுவது? பணத்துக்காக நல்ல ரோட்டைத் தோண்டினார்கள் என்று எழுதட்டுமா?"

பதில் சொல்வதற்குள் மேலே சத்தம் கேட்டது. "வழி, வழி!" நான்கு பேர் கதிரையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். கம்பளிக்குள் அண்ணன். முகம் சவரம் செய்து பளபளத்தது.

வழக்கமாக அவர்கள் விடியுமுன் போய்விடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் தன் நேரத்தைப் பின்னுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார் அண்ணன். எதையும் விசாரித்தே பழகிய நான், அதை மட்டும் இன்றுவரை ஆஸ்பத்திரியில் விசாரிக்கவில்லை.

டீ.ஓ.வுக்கும் அதே சந்தேகம் வந்தது. "இதுவும் எனக்காகவா?" என்றார்.

அண்ணனுக்கு பங்களாச் சிங்களம் தெரியும். கதிரையை இறக்கச் சொன்னார். கம்பளியை விலக்கி இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே, மெஷின் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்த இடம் கயிறுபோலப் புடைத்திருந்தது.

"தொட்டுப் பாருங்க மாத்தயா." மாத்தயா என்றால் ஐயா.

டீ.ஓ. தயங்கினார். பிறகு இரண்டு விரலை வைத்தார். வைத்ததும் எடுத்துவிட்டார். நான் பலமுறை தொட்டிருக்கிறேன். தோலுக்கு அடியில் அது ஓயாமல் அதிரும். தேயிலை அரைக்கிற ஸ்டோரின் சுவரில் கை வைத்தால், உள்ளே ஓடுகிற மெஷின் தெரிவதுபோல.

அவர் மறுபடியும் விரலை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

"ஓடுதா?" என்றார் அண்ணன். "இது நிக்குற அன்னைக்கு நானும் நின்னுருவேன். இத நாங்க உங்களுக்காக ஓட்டல. சரி, வழி விடுங்க மாத்தயா. ஓட்டோ காத்துக்கிட்டிருக்கு."

மிஞ்சியிருந்த பாதையில் இரண்டு பேர் விலக இடமில்லை. டீ.ஓ. தேயிலைக்குள் இறங்கி, கணுக்கால் வரை புதைந்து நின்றார். கதிரை அவரை உரசிக்கொண்டு கீழே போனது. அது கண்ணுக்கு மறையும்வரை அவர் ஏறவில்லை. பிறகு அளவு நாடாவை எடுத்து ஒரு முனையைத் தலைவரிடம் கொடுத்தார். பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் அளந்தார். லஸ்ஸனய் என்று சொல்லவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

பணம் பிறகு வந்தது. இப்போது சவுக்கு முடக்கில் கொங்கிரீட் சுவர் நிற்கிறது. அந்தச் சுவரில் சீமெந்து எவ்வளவு, மணல் எவ்வளவு என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது.

அன்று சாயங்காலம்

ஆனால் அன்றைக்குப் பணம் வருமா என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்ணன் திரும்பி வர வேண்டும். மெஷினில் படுத்து எழுந்து வருகிற நேரத்தில் அவருக்குக் கழுத்து நிற்காது. போகும்போது கதிரையில் பேசுகிறவர், வரும்போது அதில் நேராக உட்காரக்கூட மாட்டார்.

வேலை முடிந்ததும் தலைவர் யாரையும் கூப்பிடாமல் போய் முதல் கல்லை உருட்டினார். பிறகு எல்லோரும் வந்தார்கள். நானும் மண் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நாளைக்கு சபையிலேருந்து யாராச்சும் வந்து பாத்தா?" என்று கேட்டேன்.

"பாக்கட்டும். மறுபடியும் தோண்டுவோம்."

கல்லைக் கையில் வைத்துக்கொண்டே, மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "கடையடி ரோட்டுக்கு மட்டும் எப்புடிக் காசு வந்துச்சு தலைவரே?"

அவர் நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். "டீ.ஓ. வர்றாரு, ரோட்டச் சுத்தம் பண்ணி வைய்யின்னு மச்சான்கிட்ட நாலு தடவ சொன்னேன் டீச்சர். அந்தச் சோம்பேறிப்பய ஒரு கல்லக்கூட நகத்தல. ஒடஞ்சது ஒடஞ்சபடியே கெடந்துச்சு. அத அப்புடியே எழுதிட்டுப் போயிட்டாரு."

நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஓட்டோவின் வெளிச்சம் தெரிந்தது. பாதி இருட்டில் மெல்ல ஏறி வந்து, முடக்குக்கு முன்னால் நின்றது. ஓட்டுகிற ரவி தலையை வெளியே நீட்டினான். பின்னால் அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"காலையில தோண்டிக் கெடந்துச்சு. இப்ப மூடியிருக்கு. தாங்குமா?"

"தாங்கும், வா," என்றார் தலைவர். கல்லின்மேல் ஏறி நின்று குதித்தும் காட்டினார்.

ரவி எஞ்சினை நிறுத்திவிட்டான். "நீங்க அடுக்குனது, நீங்க தாங்கும்னுதான் சொல்லுவீங்க. பின்னால நோயாளி இருக்காரு. டீச்சர் ஏறி நிக்கட்டும். டீச்சர் நம்புனா நான் வர்றேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் கல்லைவிட்டு இறங்கினார். ஒதுங்கி இடம் விட்டார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். நடுவில் நிற்கவில்லை. தேயிலைப் பக்கம், தலைவர் அடுக்கிய வெளி ஓரத்துக்குப் போனேன். கீழே பள்ளம் கறுப்பாக இருந்தது. முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டு மிதித்தேன். அடியில் ஒரு கல் சற்றே அசைந்தது, பிறகு உட்கார்ந்துகொண்டது. மறுபடியும் மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

"வா தம்பி," என்று கையைக் காட்டினேன்.